ட்ரம்பெட் ஊதி மதில் விழுந்ததா?

கேள்வி: “டாங்கிக்குப் பதில் ட்ரம்பெட் அனுப்பியே அமெரிக்கா பனிப்போரை ஜெயித்தது” என்று ஒரு கருத்தரங்கில் பேசினார்கள். 1950களில் ஜாஸ் கலைஞர்களைக் கலாச்சாரத் தூதர்களாக அனுப்பியதில் உண்மையில் பலன் இருந்ததா, இல்லை எல்லாம் விளம்பரமா?
— கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: ட்ரம்பெட் ஊதி மதில் விழுந்தது எரிகோவில்தான், அதுவும் பைபிளில். அனுப்பியவர் கணக்கு ஒன்று, போனவர் கணக்கு வேறு என்பதைப் பேச்சாளர் விட்டுவிட்டார். பலன் கிடைத்த இடங்களில் எல்லாம், அனுப்பியவர் சொன்னதைப் போனவர் கேட்கவில்லை.

முதலில் பணம். ஜனாதிபதி ஐசனோவர் 1954இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் 50 லட்சம் டாலர் கேட்டு வாங்கினார். பெயரே ‘அவசர நிதி’. அதில் 22.5 லட்சம்தான் கலைக்கும் விளையாட்டுக்கும். மீதியில் பெரும்பகுதி வணிகக் கண்காட்சிகளுக்குப் போயிற்று. 1956இல்தான் சட்டம் போட்டு நிரந்தரமாக்கினார்கள். ‘ஆன்டா’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நாடக அகாடமியின் இசை, நடன, நாடகக் குழுக்கள் கலைஞர்களைத் தரம் பார்த்துச் சொல்லும். எந்த நாட்டுக்கு, எப்போது என்பது வெளியுறவுத் துறையின் கையில். கச்சேரிக்கு உள்ளூரில் டிக்கெட் விற்பார்கள். வசூல் போக விழுகிற துண்டை வாஷிங்டன் கட்டும்.

வம்பு இந்தத் துண்டில்தான். டிக்கெட் விலையை ஏற்றினால் துண்டு குறையும், காங்கிரஸும் சும்மா இருக்கும். ஆனால் அரங்கில் வந்து உட்காருகிறவர்கள், தூதரக விருந்துக்கு எப்படியும் வரப்போகிற கோட்டு சூட்டுக்காரர்கள். யார் மனதைப் பிடிக்க இவ்வளவு செலவோ அந்த இளைஞர்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். 1956இல் துருக்கியின் அங்காராவில் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி இதைக் கண்ணால் பார்த்தார். வெளியே நிற்கிற பிள்ளைகளை உள்ளே விட்டால்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டார், விட்டார்கள். கோப்பில் இல்லாத அந்த ஒரு அடம் செய்த வேலையை அன்றைய விருந்து உபசாரம் எதுவும் செய்திருக்காது.

கில்லெஸ்பியின் பயணமே அரசு அனுப்பிய முதல் ஜாஸ் பயணம். யோசனை ஹார்லெம் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவலுடையது. கறுப்பர், வெள்ளையர் கலந்த குழு. அதில் டிராம்போன் வாசித்த மெல்பா லிஸ்டன் என்ற பெண். குழுவைச் சேர்த்துக் கட்டியவர் இளைஞர் குவின்ஸி ஜோன்ஸ். ‘இங்கே நிறவெறி’ என்ற சோவியத் பிரசாரத்துக்குக் கண்ணெதிரே ஒரு பதில் வேண்டும் என்பது வாஷிங்டனின் எண்ணம். போன ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: அபாதான், டாக்கா, கராச்சி, பெய்ரூட், டமாஸ்கஸ், அங்காரா, இஸ்தான்புல், பெல்கிரேட், ஏதென்ஸ். ஈரான், பாகிஸ்தான், துருக்கி மூன்றும் சோவியத்துக்கு எதிரான 1955 பாக்தாத் ராணுவ ஒப்பந்த நாடுகள். யுகோஸ்லாவியா ஸ்டாலினோடு முறித்துக்கொண்ட நாடு. முதல் கச்சேரி நடந்த அபாதான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நகரம். அந்த எண்ணெயை நாட்டுடைமையாக்கிய ஈரான் பிரதமர் மொசாதெக்கை சி.ஐ.ஏ.வும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. இது ரசிகர்களைத் தேடிப் போட்ட பாதை அல்ல.

ஆனாலும் ஏதென்ஸில், சைப்ரஸ் தீவு யாருக்கு என்ற விவகாரத்தில் அமெரிக்கத் தகவல் அலுவலகத்தின் மேல் கல்லெறிந்த மாணவர் கூட்டம், கச்சேரி முடிந்ததும் கில்லெஸ்பியைத் தோளில் தூக்கிக்கொண்டது. இதை வெற்றி என்று வாஷிங்டன் எழுதிக்கொண்டது. மாணவர்கள் சைப்ரஸ் பற்றிய கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அவர்களுக்கு மனிதரைப் பிடித்தது, கொள்கையைப் பிடிக்கவில்லை.

சொந்த நாட்டில் கிடைத்த மரியாதையைக் கேட்கவே வேண்டாம். ஜாஸ் வெறும் இரைச்சல், அதற்கு வரிப்பணமா என்பது லூசியானா செனட்டர் ஆலன் எல்லெண்டரின் வாதம். ஓவியத்தில் வெளியுறவுத் துறைக்கு முன்பே கை சுட்டிருந்தது. 1946இல் சுமார் 49,000 டாலருக்கு 79 எண்ணெய் ஓவியங்கள் வாங்கி வெளிநாடுகளில் காட்சிக்கு அனுப்பினார்கள். நவீன ஓவியம் புரியாத எரிச்சலும் வரைந்தவர்கள் இடதுசாரிகள் என்ற சந்தேகமும் சேர்ந்து, மறு வருடமே திருப்பி வரவழைக்கப்பட்டன. 1948இல், போரில் மிஞ்சிய தளவாடம் என்ற கணக்கில், நீர்வண்ணப் படங்களையும் சேர்த்து 117 படைப்புகளும் போன விலை 5,544 டாலர்! வெளிப்படையாகச் செலவு செய்தால் இந்தக் கதி. மறைத்துச் செய்தாலும் தப்பவில்லை. 1950இல் பெர்லினில் கம்யூனிச எதிர்ப்பு எழுத்தாளர்கள் தொடங்கிய ‘கலாச்சார சுதந்திரத்துக்கான காங்கிரஸ்’ அமைப்புக்கு சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் கொடுத்து வந்தது. 1966–67இல் அது அம்பலமானபோது, அதன் பத்திரிகைகளில் நேர்மையாக எழுதியவர்கள் மீதும் சேறு விழுந்தது.

இனி ட்ரம்பெட் மேதை ஆம்ஸ்ட்ராங். 1957 செப்டம்பரில் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களை, அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள் விடாமல் கவர்னர் ஃபாபஸ் தேசியக் காவல் படையை நிறுத்தினார். அரசு சார்பில் சோவியத் யூனியனுக்குப் போவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், போக மாட்டேன் என்றார். ஜனாதிபதிக்குத் துணிவில்லை என்று நிருபரிடமே சொன்னார். எப்போதும் சிரித்த முகம், யாரையும் பகைக்காதவர் என்று பெயர் வாங்கியவர் சொன்னதால்தான் அது இடியாக இறங்கியது. சில நாளில் ஐசனோவர் தரைப்படையின் 101ஆவது வான்குடைப் பிரிவை அனுப்பி மாணவர்களை உள்ளே சேர்த்தார். என்னைக் கேட்டால் அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய கலாச்சாரத் தூது, போகாத இந்தப் பயணம்தான். சோவியத் நாட்டுக்கு அரசு சார்பில் கடைசியில் போனவர் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன், 1962இல், வெள்ளையர்.

அதற்காக ஆம்ஸ்ட்ராங்கை அரசு விட்டுவிடவில்லை. 1960 இறுதியில் ஆப்பிரிக்கப் பயணம். காங்கோவின் தலைநகர் லியோபோல்ட்வில்லில் (இன்றைய கின்ஷாசா) அவரைச் சிம்மாசனத்தில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அதே ஊரில் அப்போது பிரதமர் பதவியிலிருந்து இறக்கப்பட்ட லுமும்பா வீட்டுக்காவலில் இருந்தார். அவரை விஷம் வைத்துக் கொல்ல சி.ஐ.ஏ. அந்த மாதங்களில் திட்டம் போட்டிருந்ததை 1975இல் அமெரிக்க செனட் குழுவே விசாரித்து எழுதியது. ஒரே அரசின் ஒரு கை ட்ரம்பெட்டை நீட்ட, இன்னொரு கை என்ன செய்துகொண்டிருந்தது என்பது ஊதியவருக்குத் தெரியாது.

பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் கதை வேறு மாதிரி. 1958இல் போலந்து, துருக்கி, இந்தியா, சிலோன், ஈராக் என்று நீண்ட பயணம், சென்னையிலும் வாசித்தார். இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தை, 2-2-2-3 என்ற பிரிவோடு, அடுத்த வருடம் தன் இசைத்தட்டில் சேர்த்தார். கொடுக்கப் போனவர் வாங்கிக்கொண்டு வந்தார். பரிமாற்றம் என்ற சொல்லுக்கு நேர்மையான உதாரணம். ஆனால் அவர் குழுவின் பாஸ் வாத்தியக்காரர் யூஜின் ரைட் கறுப்பர். 1960இல் தென் மாநிலக் கல்லூரிகள், வெள்ளைக்காரரை மாற்றிப் போட்டால் கச்சேரி, இல்லாவிட்டால் இல்லை என்றன. ப்ரூபெக் மறுத்தார், அந்தச் சுற்றில் பெரும்பாலான கச்சேரிகள் ரத்து. பாக்தாத் வரை தூதராகப் போய் வந்த குழுவுக்குச் சொந்த நாட்டுக் கல்லூரி மேடை கிடைக்கவில்லை.

அந்த பாக்தாதில் அமெரிக்காவுக்கு என்ன மிஞ்சியது? ப்ரூபெக் வாசித்துவிட்டுப் போன சில வாரங்களில், 1958 ஜூலை 14 அன்று, மன்னராட்சி கவிழ்ந்தது. அடுத்த வருடம் ஈராக் பாக்தாத் ஒப்பந்தத்தை விட்டே வெளியேறியது. கச்சேரி நன்றாக இருந்தது என்பதற்காக எந்த வெளியுறவு அமைச்சரும் கையெழுத்தை மாற்றிப் போட்டதில்லை.

மெல்ல ஊறிய பலன் வேறிடத்தில் இருக்கிறது, அதற்கு விமான டிக்கெட்டே தேவைப்படவில்லை. வில்லிஸ் கொனோவர் என்ற அறிவிப்பாளர் 1955 முதல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா சிற்றலையில் ஜாஸ் ஒலிபரப்பினார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரியும்படி நிறுத்தி நிதானமாகப் பேசுவார். அரசியல் பேச மாட்டார். ரஷ்ய மொழி ஒலிபரப்பை இரைச்சல் கலந்து அடைத்த சோவியத் அரசு, ஆங்கில ஒலிபரப்பைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. வார்சாவிலும் மாஸ்கோவிலும் ஒரு தலைமுறை அந்தக் குரலைக் கேட்டே ஜாஸ் கற்றது. சொந்த நாட்டில் அவரைப் பெரும்பாலோருக்குத் தெரியாது. வெளிநாட்டுக்கான அந்த ஒலிபரப்பு அன்று உள்நாட்டு மக்களுக்கு உரியதாக இருக்கவில்லை.

ஆக, ஜாஸுக்குப் பலன் உண்டு, கலைஞர்களுக்கு உண்டு. வாஷிங்டனுக்குக் கிடைத்தது அது கேட்டதல்ல. ஆம்ஸ்ட்ராங் 1965இல் கிழக்கு பெர்லினிலும் பிராகிலும் வாசித்தார். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது வெளியுறவுத் துறை அல்ல.