மறைசாட்சி என்றால் என்ன? தியாகியும் மறைசாட்சியும் ஒன்றா?

தான் கொண்ட கொள்கையைக் கைவிட மறுத்ததற்காகக் கொல்லப்படுபவரே மறைசாட்சி. பழைய தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் இரத்தசாட்சி. 'சாட்சி' எப்படி வந்தது? மூலமான கிரேக்கச் சொல் 'மார்ட்டிஸ்' என்பதற்கே சாட்சி என்றுதான் பொருள். அரபியின் 'ஷஹீத்' என்ற சொல்லும் அதே பொருள் கொண்ட வேரிலிருந்து வந்தது.

விபத்தை நேரில் பார்த்தவரை "பார்க்கவில்லை என்று சொல்லிவிடு" என மிரட்டுகிறார்கள், அவர் பிறழவில்லை. அந்தப் பிடிவாதம் உயிர்வரை போனால் அவர்தான் மறைசாட்சி.

ஒருவரை மறைசாட்சி என்று அறிவிக்கும் முன் கத்தோலிக்கத் திருச்சபை இரண்டு பக்கத்தையும் பார்க்கும்: இறந்தவர் மனமுவந்து ஏற்றாரா, கொன்றவரின் காரணம் விசுவாசத்தின் மீதான வெறுப்பா. இரண்டாவதுதான் சிக்கல். அரசியல் பகை என்றால் வழக்கு விழுந்துவிடும். நிரூபணமானால், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டத்துக்குப் புதுமை (அற்புதம்) எதுவும் தேவையில்லை. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2012-இல் முத்திப்பேறு, 2022 மே 15 அன்று புனிதர் பட்டம்.

தியாகி என்ற சொல் அகலமானது. சிறை சென்று உயிரோடு திரும்பிய விடுதலைப் போராட்ட வீரரும் தியாகிதான். வீட்டில் "பெரிய தியாகி!" என்பது வெறும் குத்தல்.

சாவைத் தேடிப் போனாலும் மறைசாட்சி ஆகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்பெயினின் எல்விரா சங்கம் (ஆயர்கள் கூட்டம்), சிலைகளை உடைக்கப் போய்க் கொல்லப்பட்டவரை அந்தப் பட்டியலில் சேர்க்க மறுத்துவிட்டது.