புத்தகத்தோடு இத்தாலி: கேள்வி பதில்

ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் எல்லோரும் போகிற ஊர்கள். வாசிக்கிறவர்களுக்கென்று ஒரே ஒரு ஊர் சொல்லுங்களேன்?

திரியெஸ்தே. யோசிக்கவே வேண்டாம். வடகிழக்கு மூலையில், ஸ்லொவேனிய எல்லையை ஒட்டிய துறைமுகம். முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கையில் இருந்தது. ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1905-ல் இங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தார். 'டப்ளினர்ஸ்' கதைகளில் பெரும்பகுதியை எழுதியது இங்கேதான்.

அவரிடம் பாடம் படித்தவர்களில் ஒருவர் எத்தோரே ஷ்மிட்ஸ். மாமனார் குடும்பத்துக் கம்பெனியில் கப்பல் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயிண்ட் வியாபாரம் பார்த்தவர். இத்தாலோ ஸ்வேவோ என்ற பெயரில் இரண்டு நாவல் எழுதி, யாரும் கண்டுகொள்ளாமல் எழுதுவதையே ஏறக்குறைய விட்டிருந்தார். அந்த நாவல்களைப் படித்துவிட்டு ஜாய்ஸ்தான் அவருக்குத் தெம்பு கொடுத்தார். 1923-ல் 'ஸெனோவின் மனச்சாட்சி' வந்தபோது, அதைப் பாரிஸில் தெரிந்தவர்களிடமெல்லாம் எடுத்துச்சொன்னதும் அவரே. ஒரு டியூஷன் வாத்தியார் தன் மாணவரை உலகத்துக்குக் காட்டிய ஊர் இது. எனக்கு இந்த ஊர் மேல் இத்தனை பிரியம் வந்ததே இந்தக் கதையால்தான்.

பெரிய கால்வாய்ப் பாலத்தில் ஜாய்ஸின் வெண்கலச் சிலை நிற்கிறது. பீடம் இல்லை. தொப்பி போட்டுக்கொண்டு, பாலத்தைக் கடக்கிற ஜனங்களோடு ஜனமாக. அப்புறம் சான் நிக்கொலோ தெருவுக்குப் போங்கள். கவிஞர் உம்பர்த்தோ சபா 1919-ல் வாங்கி நடத்திய பழைய புத்தகக் கடை அங்கேதான். 1914-ல் திறந்த சான் மார்க்கோ காஃபிக் கடைக்குள்ளேயே இப்போது புத்தகக் கடையும் இருக்கிறது. 'போரா' என்ற குளிர்காற்று ஆளையே தள்ளும் ஊர், அதனால் குளிர்காலத்தில் போனால் பாதி நாளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, இத்தாலிய எழுத்தாளர் கால்வினோவின் 'புலப்படா நகரங்கள்' படித்துவிட்டு வெனிஸ் போகிறேன். எதைத் தேடிப் பார்க்கலாம்?

எதையும் தேடாதீர்கள். 1972-ல் வந்த அந்தப் புத்தகத்தில் வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானிடம் 55 நகரங்களை வர்ணிக்கிறான். எந்த நகரத்தைச் சொன்னாலும் வெனிஸைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறேன் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். ஒவ்வொரு நகரமும் ஓரிரு பக்கம்தான். காலையில் கூட்டம் சேருமுன் வெனிஸின் கன்னரேஜோ பகுதியில் நடந்து, பாலத்துக்கு ஒரு நகரமாகப் படியுங்கள். கையில் பிடித்துப் படிக்கிற சின்னப் புத்தகத்தைப் பரவலாக்கியதே இந்த ஊர்தான். ஆல்டஸ் மனூசியஸ் என்ற அச்சகக்காரர் 1501-ல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூலைச் சிறு அளவில், சாய்வெழுத்தில் அச்சடித்தது இங்கேதான்.

பஸ்ஸானியின் நாவலில் வரும் ஃபின்ஸி-கொன்தீனிக்களின் தோட்டம் ஃபெராராவில் எங்கே இருக்கிறது?

அப்படியொரு தோட்டம் இல்லை, அது கற்பனை. ஆனால் அது இருப்பதாக அவர் எழுதிய எர்கோலே டெஸ்தே வீதி நிஜம். கல் பாவிய நேரான வீதி, முடிவில் பழைய கோட்டை மதில். ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளமுள்ள மதில்மேல் சைக்கிளில் சுற்றலாம். ஆனால் மாட்சீனி தெருவைத் தவறவிடாதீர்கள். 1938-ல் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிராகக் கொண்டுவந்த இனச் சட்டங்களுக்குப் பின் அந்த ஊர் யூதர்களுக்கு நடந்ததுதான் நாவலின் உயிர். அங்குள்ள யூதக் கோயில் சுவரில், நாடு கடத்தப்பட்டவர்களின் பெயர் பொறித்த பளிங்குப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு பெயராக நின்று படியுங்கள். நாவலை மறுபடி எடுக்கும்போது அந்தத் தோட்டத்தில் நடக்கும் டென்னிஸ் ஆட்டமெல்லாம் வேறு மாதிரி கனக்கும்.

நேப்பிள்ஸில் எலேனா ஃபெர்ரான்தே நாவல்களின் பேட்டைக்குப் போகலாமா?

நாவலில் பேட்டைக்குப் பெயரே கிடையாது. வாசகர்கள் அடையாளம் காண்பது லுட்சாத்தி குடியிருப்பை, மத்திய ரயில் நிலையத்துக்குக் கிழக்கே. போகலாம். ஆனால் அது மக்கள் குடியிருக்கும் இடம். ஜன்னல்களுக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

இத்தாலிய மொழி தெரியாது. நூலகத்துக்குள் போய் என்ன செய்வது?

சும்மா உட்காருங்கள்! பொலோன்யாவின் சாலாபோர்ஸா பொது நூலகத்தில் நடுக்கூடத் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். கீழே ரோமானியர் காலத்து இடிபாடுகள். உள்ளே போகக் கட்டணம் இல்லை.

தமிழ் வாசகர்கள் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் ஏதாவது?

காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே. வீரமாமுனிவர் 1680-ல் பிறந்த ஊர். கார்தா ஏரிக்குத் தெற்கே, சிறு குன்றுகளுக்கு நடுவில் இருக்கிறது. மாந்துவாவிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். தேம்பாவணியின் நாட்டுப் படலத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். இந்தக் குன்றுகளில் பிறந்தவர், கண்ணால் காணாத யூதேயாவைத் தமிழ்நாட்டு மழையும் வயலுமாகப் பாடியிருக்கிறார். அதை அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் ஆசை. செப்டம்பரில் போகிறீர்களா? சரி, அப்படியானால் மாந்துவாவில் தங்க அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். 1997-லிருந்து அந்த மாதத்தில் அங்கே இலக்கிய விழா நடக்கிறது, ஊரே நிறைந்துவிடும்.