எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு மாறும்போது பழைய வரலாறு முழுவதையும் கொண்டுபோக வேண்டுமா?

எஸ்விஎன், கிட் இரண்டும் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவிகள். உங்கள் பல வருட நிரல் எஸ்விஎன்னில் இருக்கிறது, 'இன்றைய நிலையை மட்டும் கிட்டில் போட்டுப் புதிதாகத் தொடங்கலாம்' என்று மேலாளர் சொல்கிறார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. முழுவதையும் கொண்டுபோங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு பில்லிங் மென்பொருளில், வரித்தொகையைக் கணக்கிட்ட பிறகு பைசாவை வெட்டிவிடும் ஒரு நிரல் வரி இருந்தது. பார்த்தவுடன் பிழை என்றே தோன்றும். ஒவ்வொரு வரியையும் யார், எந்த மாற்றத்தில் எழுதினார் என்று காட்டும் பிளேம் போட்டுப் பார்த்தால், ஒரு வாடிக்கையாளரின் பழைய கணக்குகளோடு ஒத்துப்போவதற்காகச் சேர்த்தது என்று கமிட் (பதிந்த மாற்றம்) செய்தியில் இருந்தது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அந்தச் செய்தி இல்லையென்றால் யாராவது அதைத் 'திருத்தி'யிருப்பார்கள்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே வரலாற்றை விட்டுவிட்டுத்தானே வந்தது என்று உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான். 2005 ஏப்ரலில் பிட்கீப்பர் என்ற இதே வகைக் கருவியிலிருந்து கிட்டுக்கு வந்தபோது 2.6.12-ஆர்சி2 என்ற பதிப்புதான் முதல் கமிட். முழு வரலாறும் சுமார் 3.2 ஜிபி வரும், தொடக்கத்தில் அது வீண் சிக்கல் என்று லினக்ஸையும் கிட்டையும் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் கமிட் செய்தியிலேயே எழுதியிருக்கிறார். அப்போது கிட் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பிறகு பழைய வரலாறு தனி ரெப்போவாக (கிட் களஞ்சியமாக) உருவாக்கப்பட்டது. 2005-க்கு முந்தைய நிரல் வரியைத் தோண்டுகிறவர்கள் இன்றும் கிட் ரீப்ளேஸ் என்ற கட்டளை மூலம் இரண்டையும் ஒட்டித்தான் பார்க்க வேண்டும். லினஸுக்கு இருந்த காரணம் உங்களுக்கு இல்லை.

டிரங்க் (முதன்மை நிரல்), பிராஞ்சஸ் (கிளைகள்), டேக்ஸ் (பெயரிட்ட வெளியீடுகள்) என்ற வழக்கமான எஸ்விஎன் ஃபோல்டர் அமைப்பு என்றால், வரலாற்றோடு நகலெடுக்கும் கிட் எஸ்விஎன் குளோன் கட்டளை போதும். நடுவில் ஃபோல்டர்களை இடம் மாற்றியிருந்தால் கேடிஇ என்ற திறந்த மூலத் திட்டத்தில் உருவான எஸ்விஎன்டுகிட் என்ற கருவியைப் பாருங்கள். எந்த ஃபோல்டர் எந்த ரிவிஷன் (எஸ்விஎன்னின் மாற்ற எண்) வரை எந்த பிராஞ்ச் என்று அதில் விதி எழுதலாம்.

அதிக நேரம் எடுப்பது, யார் எந்த மாற்றத்தைச் செய்தார் என்பதற்கான பெயர்ப் பட்டியலான ஆத்தர்ஸ் ஃபைல்தான். எஸ்விஎன்னில் வெறும் யூசர்நேம் இருக்கும், கிட்டுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு பெயர் வந்தால் கிட் எஸ்விஎன் அங்கேயே நின்றுவிடும். வேலையை விட்டுப் போனவர்களின் பெயரைப் பழைய ஆட்களிடம் கேட்டு எழுதுங்கள். இதை முதலிலேயே முடித்துவிட வேண்டும். எல்லாரும் குளோன் எடுத்த பிறகு ஒரு பெயரை மாற்றினாலும் அதிலிருந்து வரும் எல்லா கமிட் எண்ணும் மாறிவிடும்.

அப்புறம், 'ஆர் 4521-இல் (ரிவிஷன் 4521) செய்ததைத் திரும்ப எடுத்தேன்' போன்ற செய்திகள் பழைய கமிட்டுகளிலும் பக் டிராக்கரிலும் நிறைய இருக்கும். கிட் எஸ்விஎன் ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் பழைய ரிவிஷன் எண்ணோடு ஒரு வரி சேர்க்கும். அழகுக்காக அதைச் சிலர் நோ-மெட்டாடேட்டா என்ற ஆப்ஷன் கொடுத்து நீக்குகிறார்கள். தயவுசெய்து நீக்காதீர்கள், அந்த எண்ணைத் தேடிப் போக வேறு வழியே இருக்காது.

மாற்றி முடித்ததும், வாடிக்கையாளருக்குப் போன ஒவ்வொரு ரிலீஸையும் இரு பக்கமும் எடுத்து டிஃப் போட்டு வித்தியாசம் பாருங்கள். எஸ்விஎன் எக்ஸ்போர்ட்டில் இக்னோர்-கீவேர்ட்ஸ் என்ற ஆப்ஷன் கொடுக்காவிட்டால் எஸ்விஎன் தானாக ரிவிஷன், தேதி நிரப்பிய வரிகளெல்லாம் வித்தியாசமாகத் தெரிந்து குழப்பும். காலி ஃபோல்டர்கள் கிட்டில் இருக்காது. பில்ட் ஸ்கிரிப்ட் அவற்றை எதிர்பார்த்தால் உடையும். வேறு ரெப்போவிலிருந்து இழுக்கும் எக்ஸ்டெர்னல்ஸும் தானாக வராது, அவற்றைக் கையால்தான் சேர்க்க வேண்டும். எஸ்விஎன் டேக்குக்குள்ளும் கமிட் செய்ய முடியும் என்பதால் கிட் எஸ்விஎன் டேக்குகளை ரிமோட் பிராஞ்சுகளாகவே கொண்டுவரும். டிஃப் சுத்தமாக வந்த பிறகு அவற்றை நிஜ டேக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

மாறும் நாளில் எஸ்விஎன்னில் ஒரு ஹூக் (கமிட்டின்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) வைத்துப் புதிய கமிட்டுகளைத் தடுத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை கிட்டுக்கு ஃபெட்ச் செய்து மிச்சக் கமிட்டுகளை இழுத்துக்கொள்ளுங்கள். எஸ்விஎன்னின் முழு டம்ப் (நகல்) ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, சர்வரைப் படிக்க மட்டும் திறந்திருக்கும்படி விடுங்கள்.