பீய்ச்சிய பாலைக் காய்ச்சலாமா? – கடிதம்

வணக்கம்.

தலைப்பிரசவத்துக்குச் சேலத்தில் அம்மா வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதம் முடிந்து ஏற்காடு திரும்புகிறேன். வேலைக்குப் போகும்போது பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவேன். குளிர் ஊர், காய்ச்சித்தான் கொடுப்பேன் என்கிறார் அத்தை. தாயின் குடல் பாக்டீரியாவால்தான் பாலில் எதிர்ப்புச் சக்தி வருகிறதாமே, காய்ச்சினால் போய்விடுமா? நல்ல பாக்டீரியா உள்ள புரோபயாடிக் மாத்திரை சாப்பிடட்டுமா?

க., ஏற்காடு

அன்புள்ள க.,

காய்ச்ச வேண்டாம். ஏன் என்று அத்தைக்கும் சொல்லுங்கள்.

உங்கள் சிறுகுடல் சுவரில் பேயர் திட்டுகள் என்ற நிணநீர்த் திசுக்கள் உள்ளன. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களை அவை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுத்துப் பி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. ஐஜிஏ என்ற ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புச் சக்தி தரும் புரதத்தை, செய்யப் பழகிய அந்தச் செல்கள் ரத்தத்தில் கிளம்பும்போது, பால் சுரக்கும் மார்பகம் சிசிஎல்28 என்ற வேதிப்பொருளைச் சுரந்து அவற்றைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. அங்கே உருவாகும் ஐஜிஏ பாலில் இறங்கும்போது ஒரு புரதத் துண்டும் அதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் குழந்தையின் வயிற்றில் அது சுலபத்தில் செரித்துவிடுவதில்லை. கிருமிகளைப் பிடித்து, குடல் சுவரில் ஒட்டவிடாமல் தடுக்கிறது.

நீங்களும் குழந்தையும் ஒரே வீட்டில் இருப்பது இதனால் பெரிய பலம். ஏற்காட்டில் உங்கள் குடல் சந்திக்கும் புதுக் கிருமிக்கான ஐஜிஏ சில நாளில் பாலுக்கு வந்துவிடும். அதற்காகக் காய்ச்சாத தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள்!

சீம்பாலில் ஐஜிஏ மிக அதிகம். இப்போது லிட்டருக்குச் சுமார் 1 கிராம்தான், ஆனால் குழந்தை குடிக்கும் அளவு கூடியிருக்கிறது. தாய்ப்பால் வங்கிகளில் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கும்போதே ஐஜிஏவில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஏற்காட்டின் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்றாலும், அடுப்பில் பொங்கிய பாலில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

கொதிக்க வைக்க வேண்டியது பாத்திரத்தைத்தான். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவை 10 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒரு வேளைக்கு 60 முதல் 90 மில்லி வீதம் தனித்தனியாகப் பீய்ச்சி வையுங்கள். வெளியில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜின் உள்பக்கம் 4 நாள் தாங்கும். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். கொடுக்கும்போது கை பொறுக்கும் வெந்நீரில் டப்பாவைச் சில நிமிடம் நிறுத்தி, மேலே திரண்ட ஆடை கலக்கும்படி மெதுவாகச் சுழற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குழந்தை குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

மாத்திரை தேவையில்லை. பாலில் ஐஜிஏ சேரக் குறிப்பிட்ட குடல் பாக்டீரியாக்கள் வேண்டும் என்று 2021இல் ஜப்பானில் காட்டியது எலிகளில். அதை வைத்துக் கடையில் மாத்திரை வாங்க முடியாது.

உங்களுக்குச் சளியோ வயிற்றுப்போக்கோ வந்தாலும் பாலை நிறுத்தாதீர்கள். அந்தக் கிருமிக்கான ஐஜிஏ அப்போதுதான் பாலில் சேரும்.