தன் பிம்பத்தோடு பேசியவர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

டப்பிங் பற்றிய கட்டுரையில் போகிற போக்கில் அருந்ததி நாக்கின் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். ‘பா’ படத்தில் வித்யா பாலனின் அம்மாவாக வந்தவர்தானே? நான் அவரைப் பார்த்தது இரண்டு மூன்று படங்களில்தான். மேடை நடிகைக்கும் டப்பிங்குக்கும் என்ன சம்பந்தம்?

ஆர்., அல்சூர்

அன்புள்ள ஆர்.,

அவரேதான். அதில் பேரனாக நடித்த அமிதாப் இந்தப் பாட்டியைவிட 14 வயது மூத்தவர்! சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குத்தான். ‘மின்சாரக் கனவு’ படத்தில் கன்னியாஸ்திரி மடத்தின் தலைவியாகவும் வந்திருக்கிறார். சரி, சினிமா இது போதும்.

நான் மனதில் வைத்திருந்தது ஒரு நாடகத்தை. கிரீஷ் கார்னாட் கன்னடத்தில் எழுதிய ‘ஒடகலு பிம்ப’, இந்தியில் ‘பிக்ரே பிம்ப்’. இரண்டிலும் நடித்தவர் இவர். மேடையில் ஒரே நடிகை, ஒரு டிவி திரை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் பேர் வாங்கிவிட்ட கன்னட எழுத்தாளர் மஞ்சுளா, டிவி நிலையத்தில் உரையாற்றிவிட்டுக் கிளம்புகிறாள். திரையில் தங்கிவிட்ட அவளுடைய பிம்பம் அவளைப் போகவிடாமல் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது. (இத்தனை வருடம் பெங்களூரில் உட்கார்ந்து தமிழில் எழுதும் எனக்கு, ‘ஏன் ஆங்கிலத்தில் எழுதினாய்’ என்ற கேள்வி வேறு மாதிரி உறைத்தது. அது இருக்கட்டும்.)

பிம்பம் முன்பே பதிவானது. கேள்வி கேட்டுவிட்டு அது எத்தனை நொடி சும்மா இருக்கிறதோ, அத்தனை நொடிக்குள் பதில் முடிய வேண்டும். ஒரு வார்த்தை இழுத்தால் பிம்பம் குறுக்கே பேசிவிடும். முந்தி முடித்தாலோ இருவரும் ஒருவரை ஒருவர் வெறித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டப்பிங் தியேட்டரிலும் இதே கதைதானே? உதடு அசைந்து முடிந்துவிட்டது, குரல் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஆனால் அங்கே தப்பினால் ‘ஒன் மோர்’ உண்டு. எதிரே ஆள் நடித்தால் வசனம் மறந்தாலும் எடுத்துக்கொடுப்பார். பதிவுக்கு அந்த இரக்கம் கிடையாது. கூட்டம் சிரித்தால் அடங்கும்வரை காத்திருக்கவும் அதற்குத் தெரியாது. இதை ஒரு மொழியில் பழகிவிட்டு, நீளமும் மூச்சும் மாறும் இன்னொரு மொழியில் மறுபடி பழக வேண்டும். இவருக்கு மொழி பழக்கம்தான். டெல்லியில் பிறந்தவர். மும்பையில் குஜராத்தி, மராத்தி, இந்தி மேடைகள். கன்னட நடிகரும் இயக்குநருமான ஷங்கர் நாக்கை மணந்து இங்கே வந்தபின் கன்னடம்.

பார்த்தது இரண்டு மூன்று படங்களில்தான் என்றீர்களே. ஷங்கர் நாக் 1990இல் கார் விபத்தில் இறந்தார். அவர் பேரால் ரங்க சங்கரா என்ற நாடக அரங்கம் 2004இல்தான் திறந்தது. இடைப்பட்ட வருடங்கள் அருந்ததிக்குப் பெரும்பாலும் நிலம், பணம், கட்டடம் என்று போயின. எனக்கென்னவோ அதையும் அவருடைய நடிப்பு வாழ்க்கைக் கணக்கில்தான் சேர்க்கத் தோன்றுகிறது. ‘ஒடகலு பிம்ப’ மறு வருடமே அந்த மேடையில்தான் ஏறியது.

ஒரு நாள் போய்ப் பாருங்கள். அல்சூரிலிருந்து அந்த அரங்கம் இருக்கும் ஜே.பி. நகருக்கு மெட்ரோவிலேயே வந்துவிடுங்கள். ஏழரை நாடகத்துக்கு ஏழரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் யாருக்கும் திறப்பதில்லை.