எர்ணாகுளத்தில் இறங்கி ஒரே நாளில் கொச்சி பார்க்க: காரா, படகா?

சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வரும் மாதம் ஒரு சனிக்கிழமை காலை 8 மணிக்கு எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்குகிறோம். இரவு 8 மணிக்கு மேல் திரும்பும் ரயில். கூட என் அம்மா, 7 வயது மகள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, செராய் கடற்கரை, மரைன் டிரைவ் எல்லாம் பார்க்க ஆசை. நாள் முழுக்க கார் வைத்துக்கொள்வது நல்லதா, படகில் போகலாமா?"

கார் வேண்டாம், படகில் போங்கள். அம்மாவின் முழங்காலை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கொச்சியை ஒரே ஊராக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் இங்கே நேரத்தைத் தொலைக்கிறார்கள். ரயில் நிலையமும் கடைவீதிகளும் இருக்கும் எர்ணாகுளம் ஒரு கரை. நீங்கள் பார்க்க வரும் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் காயலுக்கு அந்தப் பக்கம். நடுவில் கிடக்கும் வில்லிங்டன் தீவு, துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது. சாலையில் போனால் அந்தத் தீவுக்குள் புகுந்து, தோப்பும்படி பாலத்தைத் தாண்டி, பெரிய சுற்றாகத்தான் போக வேண்டும். மாலை நெரிசலில் அந்தப் பாலத்தருகே மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்று உள்ளூர்க்காரர்களாலும் சொல்ல முடியாது. படகு அதே காயலை நேராகக் குறுக்கே கடந்து அரை மணிக்குள் இறக்கிவிடும். போதாததற்கு ஃபோர்ட் கொச்சியின் சந்துகளில் காரை நிறுத்த இடம் தேடுவது தனி வேலை.

படகில் இரண்டு வகை உண்டு. போட் ஜெட்டியிலிருந்து கிளம்பும் அரசுப் படகுகள் பழைய பாணி, கட்டணம் மிகக் குறைவு. ஆனால் துறைக்கும் படகுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், ஆடுகிற பலகைமேல் எட்டிக் கால் வைத்து ஏற வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அது சரிவராது. 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவை எடுங்கள். கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டிய, மின்சாரத்தில் ஓடும் ஏசி படகுகள் அவை. அங்கே படகு வந்து நிற்கும் மேடை நீரில் மிதப்பது. அலை ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும். அதனால் படகின் தளமும் மேடையும் எப்போதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியையே உருட்டிக்கொண்டு ஏறலாம். ஹைகோர்ட் டெர்மினலிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஆளுக்கு 40 ரூபாய் வாக்கில் ஆகும்.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. படகில் இருக்கும் இடத்துக்குத்தான் டிக்கெட் கொடுப்பார்கள், அதற்கு மேல் ஒருவரையும் ஏற்ற மாட்டார்கள். அதனால் சனி, ஞாயிறுகளில் வரிசை நீளும். 8 மணிக்கு இறங்கியதும் பெரிய பைகளை நிலையத்தின் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள் (பூட்டு இல்லாத பையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்). பக்கத்திலேயே டிபனை முடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஹைகோர்ட் டெர்மினலுக்கு வந்துவிட்டால் கூட்டம் சேருமுன் ஏறிவிடலாம். அப்படியும் ஃபோர்ட் கொச்சி வரிசை நீண்டிருந்தால் வைப்பின் போகும் படகில் ஏறுங்கள். வைப்பினில் இறங்கினால் பக்கத்திலேயே ஜங்கார் என்ற தட்டையான பெரிய படகு இருக்கிறது. கார், பைக், ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு சில நிமிடங்களில் ஃபோர்ட் கொச்சி கரையில் விடும். உங்கள் மகளுக்கு ஏசி படகைவிட அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இனி, எதற்குப் பிறகு எது என்று பார்ப்போம். முதலில் ஃபோர்ட் கொச்சி, அப்புறம் மட்டாஞ்சேரி, அங்கிருந்தே எர்ணாகுளத்துக்குப் படகு. வந்த வழியே திரும்ப வேண்டாம்.

ஃபோர்ட் கொச்சியில் கரையோரம் இருக்கும் சீன மீன்பிடி வலைகளைக் காலையிலேயே பாருங்கள். கயிற்றில் வரிசையாகக் கற்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் கற்களின் கனம்தான் அவ்வளவு பெரிய வலையைத் தண்ணீரிலிருந்து தூக்க உதவுகிறது. வலை மேலே வர வர, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து உட்காரும். குழந்தைக்கு அதை நின்று காட்டுங்கள். மீனவர்கள் "வாங்க, கயிறு இழுத்துப் பாருங்க" என்று கூப்பிடுவார்கள். இழுத்தால் பணம் கேட்பார்கள். கொடுக்க மனமிருந்தால் போங்கள், இல்லையென்றால் கரையிலிருந்தே நன்றாகத் தெரியும்.

அங்கிருந்து செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம் நடக்கிற தூரம்தான். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். பிறகு எச்சங்களைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள். மின்விசிறி வருமுன் காற்று வீசிய நீளமான துணி விசிறிகள் வரிசையாகத் தொங்கும். வெளியே உட்கார்ந்து ஆட்கள் கயிற்றை இழுப்பார்களாம். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் நல்ல இடம்.

மட்டாஞ்சேரிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல். வெயிலில் நடக்காதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். தமிழில் பேசினாலே போதும். மிகக் குறைந்த காசுக்கு "எல்லா இடமும் சுற்றிக் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் நடுவில் மசாலா, கைவினைப் பொருள் கடைகள் வரும் என்று அர்த்தம். "கடைக்குப் போகவேண்டாம், நேரே டச்சு அரண்மனை" என்று சொல்லி, வாடகையைப் பேசிக்கொண்டு ஏறுங்கள். வழியில் வேளி பகுதியில் தோபி கானாவில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லலாம். டச்சுக்காரர் காலத்தில் ராணுவத் துணி வெளுக்க நம் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் சமூகத்தின் வழிவந்தவர்கள் அங்கே இன்னும் கையால் துவைத்துக் கயிற்றில் உலர்த்துகிறார்கள், தமிழ் பேசுகிறார்கள். சுற்றுலாப் பட்டியலில் கடைசியில் வரும் இந்த இடத்தை நான் முதல் வரிசையில் வைப்பேன். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

டச்சு அரண்மனை பெயருக்குத்தான் டச்சு. 16ஆம் நூற்றாண்டில் கொச்சி ராஜாவுக்காகப் போர்ச்சுகீசியர் கட்டியது, டச்சுக்காரர் பிறகு பழுது பார்த்தார்கள். பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுக்க ஓவியமாக இருக்கிறது. காவியும் பச்சையும் மஞ்சளுமாக, விரல் வைக்க இடமில்லாமல் உருவங்கள். உள்ளே படம் எடுக்க விட மாட்டார்கள், அதனால் அவசரமில்லாமல் கண்ணால் பாருங்கள். இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். காட்சிக்கூடம் மாடியில், படியேறித்தான் போக வேண்டும். அம்மா நிதானமாகக் கைப்பிடித்து ஏற நேரம் விடுங்கள். அன்றைக்கு அவருக்கு இருக்கும் பெரிய ஏற்றம் இதுதான், அதனால் காலையில் அதிகம் நடக்க வைக்காதீர்கள்.

ஒரு ஏமாற்றத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பக்கத்திலுள்ள 1568ஆம் ஆண்டு யூத ஜெபாலயம் சனிக்கிழமை ஓய்வு நாள் என்பதால் மூடியிருக்கும். பயணத்தை ஒரு நாள் முன்னால் தள்ளியும் பயனில்லை. வெள்ளியன்று அரண்மனை விடுமுறை, ஜெபாலயத்தையும் அன்றைக்கு நம்ப முடியாது. தரையில் பதித்த நீல வெள்ளைச் சீன ஓடுகளைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஞாயிறுக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் யூதத் தெருவில் நடந்து, மணிக்கூண்டை வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம். மதியச் சாப்பாடு சைவம் வேண்டுமென்றால் மட்டாஞ்சேரியில் குஜராத்தித் தெரு இருக்கிறது. தலைமுறைகளாக இங்கே வியாபாரம் செய்யும் குஜராத்திகளின் தெரு.

அரண்மனைக்குப் பக்கத்திலேயே வாட்டர் மெட்ரோவின் மட்டாஞ்சேரி டெர்மினல், 2025 அக்டோபரில் திறந்தது. அரண்மனைக்குள் நுழையுமுன்பே டெர்மினலில் எட்டிப் பார்த்து, ஹைகோர்ட் போகும் பிற்பகல் படகுகள் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 4 மணி வாக்கில் கிளம்பினால் மரைன் டிரைவ் உங்களுக்கு இறங்கும் இடத்திலேயே கிடைத்துவிடும். மேற்கு பார்த்த நடைபாதை, சூரியன் மறைவதை உட்கார்ந்தே பார்க்கலாம். ஃபோர்ட் கொச்சியிலேயே மறையும் சூரியனைப் பார்க்கலாமே என்று தோன்றும். சனி மாலை அங்கே திரும்பும் படகுக்கு நிற்கிற கூட்டத்தில் முழங்கால் வலிக்காரரை நிறுத்த வேண்டாம்.

செராயை விட்டுவிடுங்கள். அது வைப்பின் தீவின் வடக்குப் பகுதியில் இருக்கிறது, போய் வரவே அரை நாள் போய்விடும்.

கடைசியாக, திரும்பும் டிக்கெட்டை எடுத்து ஒரு முறை பாருங்கள். எர்ணாகுளத்தில் இரண்டு பெரிய நிலையங்கள். நீங்கள் இறங்குவது ஜங்ஷன், ஊரில் சவுத் என்பார்கள். டவுன் என்று போட்டிருந்தால் அது நார்த். பல ரயில்கள் ஒன்றில் மட்டும்தான் நிற்கும். டவுன் என்றிருந்தால் பைகளை எடுக்க முதலில் சவுத்துக்குப் போய், அங்கிருந்து நார்த்துக்கு வர வேண்டும். அப்போது மரைன் டிரைவிலிருந்து 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.