புது வீட்டுல எந்தப் புகை போடறது அக்கா?

கேள்வி: அக்கா, போன மாசம் தான் இங்க டர்பன் சாட்ஸ்வர்த்துல ஒரு பழைய வீடு வாங்கி குடி வந்தோம். பல மாசம் பூட்டிக் கெடந்த வீடு. முன்னாடி இருந்த அம்மா இங்கயே தவறிட்டாங்களாம். உள்ள நுழைஞ்சாலே கனமா, நெஞ்ச அமுக்கற மாதிரி இருக்கு. என் பொண்ணு ஆன்லைன்ல வெள்ளை சேஜ்ங்கற மூலிகைக் கட்டு ஆர்டர் பண்ணிருக்கா, மாமியார் சாம்பிராணியே போதும்ங்கறாங்க, பக்கத்து வீட்டு ஜூலு கோகோ, அதான் பாட்டி, ஒரு கட்டு இம்பெபோ மூலிகை குடுத்துட்டு போயிருக்காங்க. சின்னவனுக்கு ஆஸ்துமா வேற. எத கொளுத்தறது?

பதில்: தங்கச்சி, மொதல்ல எந்த ரூம் கனமா இருக்கோ அந்த ரூம் சுவத்துல கைய வெச்சு பாருங்க, அலமாரிய நகத்தி பின்னாடி பாருங்க. டர்பன் வெயில் காலத்துப் புழுக்கத்துல பூட்டிக் கெடந்த வீடு பூஞ்சை பிடிக்காம இருக்காது, அந்த வாசனையே தலைய கனக்க வெக்கும், உங்க பையன் மூச்சுக்கும் அது எதிரி. அத தேய்ச்சு கழுவி, கூரையில ஒழுகுதான்னு பாத்து, ஜன்னல தொறந்து நாலு நாள் வெயில் விடுங்க, அது வரைக்கும் புகையே வேணாம், புகை போட்டா வாசனை மறையுமே தவிர பூஞ்சை போகாது.

அப்புறம் சாம்பிராணி போடுங்க, மாமியார் சொன்னது சரி தான். எங்க ஆயா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டாங்குச்சி கரிய கொல்லையில வெச்சு ஊதி ஊதி, மேல சாம்பல் பூத்து உள்ள செவந்ததும் தான் தூபக்கால்ல போட்டு சாம்பிராணிய தூவும், கட்டிலுக்கு அடியில, கதவு இடுக்குலன்னு காட்டிட்டு, எண்ணெய் தேய்ச்சு குளிச்ச எங்க ஈரத் தலைக்கும் காட்டும். பிராய் போட, அதாவது வெளியில கறி சுட வாங்கற, சீக்கிரம் பத்திக்கறதுக்கு மருந்து கலந்த கரிய மட்டும் இதுக்கு எடுக்காதீங்க. ஜன்னல் தொறந்தே இருக்கணும். சின்னவன அன்னிக்கு பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க, புகை வாடை சுத்தமா போனப்புறம் வரட்டும், ஏன்னா மூலிகையோ பிசினோ எது எரிஞ்சாலும் அந்த பொடித் துகள் நுரையீரலுக்குள்ள தான் போகுது, புனிதப் புகைன்னு ஆஸ்துமாவுக்கு தெரியாது.

வெள்ளை சேஜ முடிஞ்சா கேன்சல் பண்ண சொல்லுங்க. தெற்கு கலிபோர்னியா, அதுக்குக் கீழ மெக்சிகோ பக்கம் மட்டும் தானா வளர்ற செடி அது, ஆன்லைன் வியாபாரம் பெருகினதும் காட்டுல திருட்டுத்தனமா வெட்டி விக்கறாங்க. இந்த சேஜ கொளுத்தற அமெரிக்கப் பூர்வகுடிகளோட சடங்குகளுக்கு அவங்க நாட்டுலயே ரொம்ப காலம் தடை இருந்துச்சு, 1978-ல தான் அவங்க மத உரிமைக்கு சட்டம் வந்துச்சு, அவ்வளவு கஷ்டப்பட்டு காப்பாத்தி வெச்சத நாம ரூம் வாசனைக்கு வாங்கறது எனக்கு மனசு ஒப்பல.

இம்பெபோ விஷயம் வேற. டர்பன் வார்விக் மூலிகை மார்க்கெட்ல கட்டு கட்டா வெச்சிருப்பாங்களே, சாம்பல் கலர் இலையும் மஞ்சள் பூவுமா, அது தான். ஜூலு ஜனங்க அத முக்கியமா கொளுத்தறது அமாட்லோசிய, அதாவது அவங்க முன்னோர கூப்பிட்டு பேசறதுக்கு, அவங்க பாரம்பரிய வைத்தியர் சங்கோமாவும் அதுக்கு தான் கொளுத்துவாங்க. நீங்க விரட்டணும்னு நெனச்சுக்கிட்டு, கூப்பிடற புகைய போட்டா எப்படி? ஆனா கோகோ அன்பா குடுத்தத தூக்கி மூலையில போடாதீங்க. ஒரு தட்டுல வெத்தல, பழம் வெச்சு எடுத்துட்டு போய், இத எப்படி, எதுக்கு கொளுத்தணும்னு கேளுங்க, வந்து கொளுத்தறேன்னா கூட்டிட்டு வாங்க. அந்த வீட்டுல இருந்த அம்மா பேரையும் கேளுங்க, பக்கத்துலயே இருந்தவங்க, தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சா அன்னிக்கு சாயங்காலம் அந்தப் பேர சொல்லி ஒரு வெளக்கு ஏத்துங்க.